எங்கன நிக்காக

ஏரலில் இருக்கும் சொந்தக்காரர்களிடம் என் வேலையை விளக்குவதை நான் நிறுத்தி வெகுகாலம் ஆகிறது. கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருக்கும்போது யாராவது ஒரு பெரியம்மா கேட்பார், "ஏளா, தூத்துக்குடில நீ என்னதான் வேல பாக்க?" கடலில் எண்ணெய் கொட்டினால் அது எந்தப் பக்கம் போகும், எந்தக் கரையில் போய் ஒதுங்கும் என்று முன்கூட்டியே சொல்கிற வேலை என்பேன். "அப்ப எண்ணெய்க்கு ஜோசியம் பாக்குதேன்னு சொல்லு" என்று என் தாய்மாமா ஒருமுறை சொல்லிவைத்தார். அன்றிலிருந்து குடும்பத்தில் எனக்கு எண்ணெய் ஜோசியக்காரி என்று பெயர். உன் ஜாதகத்தை மட்டும் பார்த்துக்கொள்ளத் தெரியவில்லையே என்கிற குத்தலும் அதற்குள் உண்டு. கல்யாணம் ஆகாமல் நாற்பதைத் தாண்டியவளை வேறு எப்படித்தான் கேலி செய்வார்கள். நானும் சிரித்துவைத்துவிட்டு, இலை போட்டாயிற்றா என்று எட்டிப் பார்ப்பேன்.

ஜோசியத்தைவிட இதில் கணக்கு அதிகம் என்பதைச் சொல்ல எனக்கு ஆசைதான். கேட்க ஆள் வேண்டுமே. கடலில் மிதக்கிற எதையும் இழுத்துப் போவது இரண்டு பேர், ஒன்று நீரோட்டம், இன்னொன்று காற்று. எண்ணெய் நீரோட்டத்தோடு போகும், கூடவே காற்றின் வேகத்தில் நூற்றுக்கு மூன்று பங்கு அளவுக்குக் காற்று தள்ளுகிற பக்கமும் நகரும். பொருள் விழுந்த இடத்தில் நாங்கள் ஒரே ஒரு புள்ளியை வைப்பதில்லை. ஆயிரக்கணக்கான புள்ளிகளைத் தூவிவிட்டுக் கணினியை ஓடவிடுவோம். நேரம் போகப் போகப் புள்ளிகள் ஈசல் கூட்டம் மாதிரி விரியும். எங்கே அடர்த்தியாக இருக்கிறதோ அங்கே முதலில் தேடுங்கள் என்பதுதான் எங்கள் பதில். கேட்கிறவர்களுக்கு இந்தப் பதில் பிடிக்காது. "மேடம், ஒரே ஒரு எடம் சொல்லுங்க" என்பார்கள். அந்த ஒரு இடம் என்னிடம் எப்போதுமே இருந்ததில்லை.

எண்ணெய் தினமும் கொட்டுவதில்லை, நல்லவேளை. துறைமுகத்தில் கப்பலுக்கு எண்ணெய் ஏற்றும்போது குழாய் நழுவிக் கொஞ்சம் சிந்தும். திருச்செந்தூர்ப் பக்கம் தார் உருண்டைகள் கரை ஒதுங்கினால், அவை எங்கிருந்து வந்திருக்கும் என்று நேரத்தைப் பின்னோக்கி ஓட்டிப் பார்க்கச் சொல்வார்கள். எப்போதாவது கடலில் ஆள் காணாமல் போனாலும் எங்களைத்தான் கேட்பார்கள், கணக்கு ஒன்றுதான். மீதி நாள்களில் ஒத்திகை. இல்லாத கப்பலை இல்லாத பாறையில் மோதவிட்டு, கொட்டாத எண்ணெய்க்கு வழி கண்டுபிடிப்பேன். என் அறையில் ஏசி உண்டு, ஜன்னல் கிடையாது. கூப்பிடு தூரத்தில் கடலை வைத்துக்கொண்டு நாள் முழுக்கக் கட்டம் போட்ட நீலப் படத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். கூட வேலை பார்த்தவர் மாற்றலாகிப் போன பிறகு அந்த நாற்காலிக்கு யாரையும் போடவில்லை. காலையில் வாசலில் காவலாளிக்கு வணக்கம் சொன்னால், அடுத்து சாயங்காலம் டீக்கடையில்தான் வாயைத் திறப்பேன். சில நாள் அப்போது குரல் சட்டென்று எழும்பாது. கடைக்காரர் சளியா என்று கேட்டு டீயில் இஞ்சி தட்டிப் போட்டுத் தருவார். தனியாக இருந்து இருந்து தொண்டை கட்டிவிட்டது என்று அவரிடம் எப்படிச் சொல்ல.

கடற்கரைத் தெரு ஒன்றில் மாடியில் குடியிருந்தேன். கீழே வீட்டுக்கார அக்காவும் அவர் கணவரும். பிள்ளைகளைக் கட்டிக்கொடுத்து அனுப்பியாயிற்று. அண்ணாச்சி ஃபைபர் வள்ளத்தில் மீன்பிடிக்கப் போகிறவர். அக்காவுக்கு என்னைவிடக் கொஞ்சம்தான் வயது கூட. தோளில் பை மாட்டிக்கொண்டு காலையில் தனியாகப் போகிற பெண் டீச்சராகத்தான் இருக்கவேண்டும் என்று முதல் நாளே முடிவு கட்டிவிட்டார். அப்புறம் விஷயம் தெரிந்தும் டீச்சர் என்றுதான் கூப்பிட்டார். அண்ணாச்சி என்னைப் படியில் பார்த்தால், "டீச்சர், கம்ப்யூட்டர்ல கடல் எப்பிடிக் கெடக்கு?" என்று கேட்டுச் சிரிப்பார். தண்ணீர் மோட்டார், கரண்டு பில், இதற்கு மேல் எங்களுக்குள் பேச்சு வந்ததில்லை. ஆனால் அவர்கள் இருவரும் பேசுவது எனக்குக் கேட்கும். அவர்கள் சமைத்துச் சாப்பிடும் குசினியின் ஜன்னல் என் படிக்கட்டுக்கு நேர் கீழே இருந்தது. மீனில் உப்பு கூடியதிலிருந்து மருமகன் போன் எடுக்காதது வரைக்கும் அக்கா அவரை ஏசிக்கொண்டே இருப்பார், அவர் ம் கொட்டிக்கொண்டே சாப்பிடுவார். மேலே என் தட்டை வைத்துக்கொண்டு நானும் உட்கார்ந்திருப்பேன். எனக்குப் பொறாமையாக இருக்கும்.

கச்சான் அடிக்கிற காலம் அது. மேற்கிலிருந்து வருகிற அந்தக் காற்று கரையில் இருப்பதை எல்லாம் வெளியே தள்ளும். நிலக்கரித் தூளும் உப்பளத்து மண்ணும் சேர்ந்து மாடிச் சுவரில் கறுப்பாகப் படியும். ஒருநாள் முற்பகலில், கடல் மீட்பு வேலைகளைப் பார்க்கிற அதிகாரியிடமிருந்து அலுவலகத்துக்குச் செய்தி வந்தது. வள்ளம் ஒன்று காற்றில் கவிழ்ந்துவிட்டது. கூடப் போனவர்கள் கவிழ்ந்த வள்ளத்தைப் பிடித்துக்கொண்டு கிடந்து, வேறு வள்ளக்காரர்களால் கரை சேர்ந்துவிட்டார்கள். ஒருவரை மட்டும் காணவில்லை. காலி டீசல் கேன் ஒன்றோடு அவர் அலையில் ஏறி இறங்கியதைத் தூரத்திலிருந்து பார்த்திருக்கிறார்கள். கூப்பிட்டிருக்கிறார்கள், பதில் இல்லை. காற்றில் கேட்டிருக்காது என்று நினைத்துக்கொண்டார்களாம். பெயர் எதுவும் அதில் இல்லை, இடமும் நேரமும்தான் இருந்தன. எனக்கு அது போதும்.

இடத்தையும் நேரத்தையும் கொடுத்ததும் கணினி கேட்கும், மிதக்கிற பொருள் என்ன என்று. எண்ணெயா, கவிழ்ந்த படகா, கன்டெய்னரா, மனிதரா. மனிதர் என்றால் இன்னொரு கேள்வி வரும். தண்ணீரில் நிமிர்ந்து நிற்கிறவரா, உயிரில்லாமல் படுத்துக் கிடக்கிறவரா. கேட்கக் கொடுமையாக இருந்தாலும் காரணம் இருக்கிறது. நிற்கிறவருக்கு உடம்பு முழுக்கத் தண்ணீருக்குள் இருக்கும், தலை மட்டும்தான் காற்றுக்கு அகப்படும், அவர் மெதுவாக நகர்வார். கிடக்கிறவரின் முதுகு வெளியே தெரியும், காற்று அவரை வேகமாகத் தள்ளும். ஒரே இடத்தில் விழுந்த இரண்டு பேர் கொஞ்ச நேரத்தில் வேறு வேறு கடலுக்குப் போய்விடுவார்கள். எப்போதும் நிற்கிறவர் என்றுதான் தொடங்குவோம், அப்படித்தான் தேடப் போகிறவர்களுக்கு அனுப்புவோம். நான் மட்டும், பிறகு கேட்டால் அவசரத்துக்கு இருக்கட்டும் என்று, கிடக்கிறவர் கணக்கையும் கூடவே ஓடவிட்டுத் தனியாக வைத்துக்கொள்வேன். அன்றும் அப்படியே செய்து, நிற்கிறவருக்கான படத்தை அனுப்பிவிட்டுச் சாயங்காலம் வீட்டுக்கு வந்தேன்.

எங்கள் வாசல் முழுக்கச் செருப்புகள். உள்ளே பெண்கள் செபம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். காணாமல் போனவர் யார் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. பகல் முழுக்க நான் புள்ளிகளாகத் தூவிக்கொண்டிருந்தது அண்ணாச்சியைத்தான். படியில் ஏற முடியாமல் அங்கேயே நின்றுவிட்டேன். உள்ளே போய் அக்காவின் பக்கத்தில் உட்காரவும் தயக்கம். எனக்கும் அவர்களுக்கும் என்ன ஒட்டு. மெல்ல மேலே போய்விட்டேன்.

மறுநாள் நான் கிளம்புவதற்குள் அக்கா மேலே வந்துவிட்டார். முகம் வீங்கியிருந்தது. தேட வேண்டிய இடத்தைச் சொல்வது நான்தான் என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும்.

"டீச்சர், ஒங்களுக்குத் தெரியும்னு சொல்லுதாக. அவுக எங்கன நிக்காக?"

அக்கா புதிதாக எதுவும் கேட்டுவிடவில்லை. இந்தக் கரையில் கடலுக்குப் போனவர் எங்கே இருக்கிறார் என்று யாரும் கேட்கமாட்டார்கள், எங்கே நிற்கிறார் என்றுதான் கேட்பார்கள். வள்ளம் எங்கன நிக்கு, மச்சான் எந்த மீன்மடையில நிக்கான், மருமவன் துபாய்க் கப்பல்ல நிக்காரு. உயிரோடு கடலில் இருக்கிற ஆம்பளை நிற்பான். உயிர் போனதுதான் கிடக்கும். நாள் முழுக்க வாயில் வருகிற சாதாரணப் பேச்சு அது. என் கணினி கேட்ட கேள்வியும் அதுவேதான் என்று அக்காவுக்கு எப்படித் தெரியும்.

"வேம்பாருக்கு நேர் வெளிய நிக்காகக்கா" என்றேன்.

"எந்தப் பக்கம்?"

மொட்டைமாடிச் சுவர் ஓரமாகக் கூட்டிக்கொண்டு போய் வடகிழக்கே கையைக் காட்டினேன். பெட்டி பெட்டியாக வீடுகளும் தண்ணீர்த் தொட்டிகளும் தாண்டிக் கடல் ஒரு கீற்றுதான் தெரியும். அக்கா அந்தப் பக்கம் திரும்பி நின்றார். அழப்போகிறார் என்று நினைத்தேன். ஏச ஆரம்பித்தார்.

"ஒங்களுக்குக் கொஞ்சமாச்சும் புத்தி இருக்கா? காத்தப் பாத்துட்டுப் போங்கன்னு சொன்னேன்லா. என் பேச்ச என்னைக்குக் கேட்டீக? அந்தக் கேன வுட்றாம புடிச்சுக்கிடுங்க. ஆளு வருது. தூங்கிறாதீக."

எனக்கு அங்கே நிற்பதா போவதா என்று தெரியவில்லை. புருசன் பெண்டாட்டி பேசுகிற இடத்தில் நமக்கு என்ன வேலை. ஆனால் அக்கா என் கையை விடவில்லை.

அதற்குப் பிறகு காலையிலும் சாயங்காலமும் அக்கா மேலே வருவதும், அன்றைக்கு எந்தப் பக்கம் என்று நான் காட்டுவதும், அவர் அங்கே பார்த்து ஏசுவதும் வழக்கமாகிவிட்டது. புள்ளிகள் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே நகர, என் கையும் நகர்ந்தது. ஊர் வள்ளங்களும் ஒரு ரோந்துக் கப்பலும் நான் அனுப்பிய படத்தை வைத்துக்கொண்டு தேடின. வெறும் கையோடு திரும்பின. அலுவலகத்தில் என் திரையில் இரண்டு கூட்டம். பச்சை நிறத்தில் நிற்கிற அண்ணாச்சி. சாம்பல் நிறத்தில் கிடக்கிற அண்ணாச்சி, இலங்கை எல்லைக் கோட்டை நோக்கி எங்கேயோ தூரத்தில். அந்தச் சாம்பல் கூட்டத்தை நான் யாருக்கும் காட்டவில்லை. ஏசி அறையில் தனியாக உட்கார்ந்து இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருப்பேன். எந்த நேரமும் பயமாகவே இருந்தது.

நாள் கூடிக்கொண்டே போனது. அதிகாரி ஒருநாள் காலையில் போன் செய்தார்.

"மேடம், அடுத்த ரன்ல ஆப்ஜெக்ட்ட மாத்திருவோமா?"

நிற்கிறவரைக் கிடக்கிறவராக மாற்றச் சொல்கிறார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "கேன் இருக்கு சார். கேன் இருந்தா நிக்க முடியும். எத்தனையோ பேர் நின்னுருக்காங்க."

"தெரியும் மேடம். அதான் ஒங்ககிட்ட கேக்கேன். ஆனா கப்பல் ஒண்ணுதான் இருக்கு. அந்தப் பக்கம் அனுப்பிட்டா இந்தப் பக்கம் ஆள் கிடையாது. ஊர் வள்ளங்களுக்கும் இனி அவ்வளவு தூரம் டீசல் தாங்காது. சாயங்காலத்துக்குள்ள எந்தப் படம்னு அனுப்பிருங்க."

அவர் கெட்டவர் இல்லை. உத்தரவு போட்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். நிற்கிறாரா கிடக்கிறாரா என்று நான் சொல்லவேண்டும். தப்பாகச் சொன்னால், பச்சைக் கூட்டத்துக்குள் ஒரு மனுசன் கேனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கப்பல் வரும் வரும் என்று பார்த்துக்கொண்டிருப்பார், கப்பல் வேறு பக்கம் போய்க்கொண்டிருக்கும். சொல்லாமல் விட்டால், சாம்பல் கூட்டம் எல்லைக் கோட்டைத் தாண்டிவிடும், பிறகு உடம்புகூடக் கிடைக்காது. யாரிடமாவது கேட்கலாம் என்றால் பக்கத்து நாற்காலி காலி. எந்த மேலதிகாரியைக் கேட்டாலும் கணினி என்ன சொல்லுகிறது என்றுதான் கேட்பார். அது என்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறது.

மதியம் வீட்டுக்கு வந்துவிட்டேன். சாப்பிட என்று சொல்லிக்கொண்டு வந்தேன், சோற்றைத் தொடவில்லை. மாடிச் சுவர் ஓரம் நின்றேன். அக்கா படியேறி வந்தார். வழக்கமாக வருகிற நேரம் இல்லை. என் வண்டிச் சத்தம் கேட்டிருக்கும்.

"என்ன டீச்சர், இந்நேரம்?"

"ஒண்ணும் இல்லக்கா."

அவர் என் முகத்தையே பார்த்தார். "ஏளா, என்னன்னு சொல்லு" என்றார்.

இந்த ஊருக்கு வந்த பிறகு என்னை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. மேடம், டீச்சர், மாடிவீட்டுப் பொம்பள, இவ்வளவுதான். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆறுதல் சொல்ல வேண்டியவள் நான், அக்கா என் முதுகைத் தடவிக்கொண்டு நின்றார். எல்லாவற்றையும் சொன்னேன். கணினியில் இரண்டு கணக்கு இருப்பதை, நிற்கிறவர் ஒரு பக்கமும் கிடக்கிறவர் ஒரு பக்கமும் போவதை, ஒரு கப்பல்தான் இருப்பதை. கிடக்கிறவர் என்ற சொல்லை மட்டும் வாயால் சொல்ல வரவில்லை, மற்றவர் என்று சொன்னேன். அக்காவுக்குப் புரிந்தது.

சுவரில் படிந்திருந்த கறுப்பை அவர் உள்ளங்கையால் துடைத்தார், மறுபடி துடைத்தார்.

"படுத்திருந்தாகன்னா எங்கன இருப்பாக?"

கிழக்கே கையை நீட்டினேன். "ரொம்ப வெளியக்கா. எல்லைக் கோட்டுக்கிட்ட."

"அங்க ஆரும் போய்ப் பாத்தாகளா?"

"இல்லக்கா."

அக்கா அந்தப் பக்கம் முதல்முறையாகத் திரும்பிப் பார்த்தார். இந்தமுறை ஏசவில்லை.

"நான்லா அவுகள நிக்க வச்சிருக்கேன்" என்றார். "தூங்காதீக தூங்காதீகன்னு எத்தன நாளா சொல்லுதேன். காலு கடுக்கும்லா ஏளா. போ. போயி படுக்கச் சொல்லு."

அலுவலகத்துக்குத் திரும்பினேன். சாம்பல் கூட்டத்தின் படத்தை எடுத்தேன். மின்னஞ்சலில் முகவரியைத் தப்பாக அடித்து மறுபடி அடிக்க வேண்டியிருந்தது. அனுப்பிவிட்டு, பச்சைக் கூட்டத்தைத் திரையிலிருந்து எடுக்க மனம் வராமல் அப்படியே விட்டுவிட்டுக் கதவைப் பூட்டினேன்.

மறுநாள் அதிகாரியின் போன். குரலில் உற்சாகம் இருந்தது.

"மேடம், கெடைச்சிட்டாரு. ஒங்க புள்ளிக்கு நட்ட நடுவுல. கேன் கயித்த இடுப்புல கட்டிருக்காரு, அதான் முங்கல. இவ்வளவு கரெக்டா வந்து நான் பாத்ததே இல்ல. கங்கிராட்ஸ் மேடம்."

"தேங்க்ஸ் சார்" என்றேன்.

நான் இந்த வேலையில் சேர்ந்த பிறகு இத்தனை சரியாக எதுவும் வந்ததில்லை. எண்ணெய்ப் படலம் எதுவும் இப்படிச் சொன்ன இடத்தில் போய் நின்றதில்லை. யாரிடம் போய்ச் சொல்ல. போனை வைத்த பிறகுதான் இன்னொன்று உறைத்தது. அந்தச் சாம்பல் கணக்கை நான் வள்ளம் கவிழ்ந்த நேரத்திலிருந்தே ஓடவிட்டிருந்தேன். முதல் நிமிடத்திலிருந்தே கிடந்தவர்தான் அவ்வளவு தூரம் போயிருக்க முடியும். நம்ப மாட்டாமல் மாற்றி மாற்றி ஓட்டிப் பார்த்தேன். ஒரு நாள் நின்று பிறகு கிடந்தால் எங்கே, அரை நாள் நின்றால் எங்கே என்று. எதுவும் அந்த இடத்துக்கு எட்டவில்லை. வள்ளம் கவிழ்ந்ததிலேயே தலையில் அடிபட்டிருக்க வேண்டும். கயிறு கட்டி முடிப்பதற்குத்தான் நேரம் இருந்திருக்கும். கூப்பிட்டவர்களுக்கு அவர் பதில் சொல்லாததும் அதனால்தான். கணக்குப் போட்ட என்னைத் தவிர இது வேறு யாருக்கும் தெரியாது.

மாதா கோயிலில் பூசை வைத்து அடக்கம் செய்தார்கள். தெருவே வந்தது. நான் கல்லறைத் தோட்டத்து வாசலுக்குப் பக்கத்தில், தெரியாத முகங்களுக்கு நடுவே நின்றுவிட்டு வந்தேன். மகள்கள் சில நாள் தங்கியிருந்தார்கள். பிறகு அவரவர் வீட்டுக்குப் போனார்கள். செருப்புகள் குறைந்து குறைந்து, கடைசியில் வாசலில் அக்காவின் செருப்பும் என் செருப்பும் மட்டும் இருந்தன.

ஒரு சாயங்காலம் அக்கா மேலே வந்தார். காய வைத்த என் துணிகளை அவரே கொடியிலிருந்து எடுத்து மடித்து வைத்தார். பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"ஏளா, ஒங்கிட்ட ஒண்ணு கேக்கணும். மறைக்காம சொல்லு. அவுக எத்தன நாளு நின்னாக?"

என்ன பதில் சொன்னால் இவருக்கு நல்லது என்று யோசித்தேன். ஒருநாள் நின்றார் என்றால், அந்த ஒரு நாள் முழுக்க அவர் பட்ட பாட்டை இவர் ஆயுசுக்கும் நினைத்துக்கொண்டிருப்பார். பொய் சொல்ல எனக்கு நாக்கும் எழவில்லை.

"நிக்கவே இல்லக்கா. வள்ளம் கவுந்த அன்னைக்கே, அப்பவே படுத்துட்டாக. ஒரு கஷ்டமும் படல."

"நெசமாவா?"

"நெசமாத்தான். நெறையத் தரம் கணக்குப் பாத்துட்டேன்."

அக்கா தலையை ஆட்டினார். பெரிதாக ஒரு மூச்சு விட்டார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "மாதா காப்பாத்துனா. தாகமும் பசியுமா கெடந்து தவிக்காமப் போனாக" என்றார். எனக்கும் அப்பாடா என்று இருந்தது. எழுந்து டீ போடலாம் என்று அடுப்படிப் பக்கம் திரும்பினேன்.

அப்போதுதான் பின்னாலிருந்து, என்னிடம் சொல்கிற மாதிரிகூட இல்லாமல், அக்காவின் குரல் கேட்டது.

"அப்ப என்னைய நெனைக்கவும் அவுகளுக்கு நேரம் இருந்திருக்காது."